வெளிச்சம் மாறவில்லை, கட்டம்தான் மாறியது: விழித்திரையின் மின்துலங்கலை எப்படிப் படிப்பது?

கண் பரிசோதனைக்குப் போய் வந்த ஒருவரின் கையில் இரண்டு அறிக்கைகள் இருக்கின்றன. விழித்திரையின் மின்துலங்கல் இயல்பாக இருக்கிறது என்கிறது ஒன்று. அதே கண்ணின் மின்துலங்கல் குறைந்திருக்கிறது என்கிறது மற்றொன்று. வீட்டில் எல்லாரும் குழம்பிப் போகிறார்கள். எந்த ரிப்போர்ட்டை நம்புவது?

இரண்டுமே சரியாக இருக்கலாம். முதல் சோதனையில் கண்ணுக்குக் காட்டியது பளிச்சென்ற ஒளி. இரண்டாவதில் காட்டியது கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். விழித்திரை ஒன்றுதான் என்றாலும், ஒளியைக் காட்டினால் அதன் ஒரு பகுதி பதில் சொல்கிறது, கட்டங்களைக் காட்டினால் வேறொரு பகுதி பதில் சொல்கிறது. இது பிடிபட்டுவிட்டால் அறிக்கையில் உள்ள மற்ற எண்களும் மெல்ல விளங்கத் தொடங்கும். எனவே அடிப்படையிலிருந்து வருவோம்.

விழித்திரையில் மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

கண்ணின் உட்புறப் பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரை ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அந்த மெல்லிய தாளுக்குள் மூன்று அடுக்குகளாக வேலை நடக்கிறது.

1. ஒளி வாங்கும் செல்கள். மங்கிய வெளிச்சத்துக்கான குச்சி செல்கள் சுமார் 12 கோடி. நிறத்துக்கும் நுட்பமான பார்வைக்குமான கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம்.

2. இருமுனை செல்கள். ஒளி வாங்கும் செல்களிடமிருந்து தகவலை வாங்கி அடுத்த அடுக்குக்குக் கொடுப்பவை.

3. கேங்லியன் செல்கள். இவை சுமார் 10 லட்சம்தான். இவற்றின் நீண்ட இழைகள் ஒன்றாகத் திரண்டுதான் பார்வை நரம்பாகி மூளையை நோக்கிப் போகின்றன. கண்ணிலிருந்து மூளைக்குப் போக வேறு வழி இல்லை.

செல்களின் சுவர் வழியாக மின்னூட்டமுள்ள அயனிகள் உள்ளே வெளியே போவதால் சின்னஞ்சிறு மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது. பல செல்கள் ஒரே நேரத்தில் இப்படிச் செய்யும்போது அது கண்ணின் மேற்பரப்பு வரை வந்து சேர்கிறது. 1865இல் சுவீடனைச் சேர்ந்த ஃப்ரிட்யோஃப் ஹோம்கிரென் தவளையின் கண்ணில் ஒளி பட்டதும் இந்த மாற்றம் எழுவதைக் கண்டார். அதைப் பதிவு செய்யும் வரைபடத்தைத்தான் இன்று இஆர்ஜி (எலக்ட்ரோரெட்டினோகிராம்) என்கிறோம். ஒரு தூண்டலுக்கு விழித்திரை மின் வடிவில் தரும் இந்தப் பதில்தான் மின்துலங்கல்.

பளிச்சென்ற ஒளியைக் காட்டினால் முதலில் கீழே இறங்கும் ஏ அலை வரும், பிறகு மேலே ஏறும் பி அலை. ஏ அலை பெரும்பாலும் ஒளி வாங்கும் செல்களிடமிருந்து வருகிறது, பி அலை இருமுனை செல்களிடமிருந்து. பி அலையின் உயரம் சில நூறு மைக்ரோவோல்ட் வரை போகும். ஒரு மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

சரி, மூன்றாவது அடுக்கான கேங்லியன் செல்கள் எங்கே? இந்தப் பெரிய அலைகளில் அவற்றின் பங்கு மிகக் குறைவு. அதனால்தான் பார்வை நரம்பு நோய் முற்றிய ஒருவருக்குக்கூட ஒளிக்கான இஆர்ஜி நல்லபடியாக இருக்கலாம். விழித்திரையின் கடைசி அடுக்கு என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டுமென்றால் கேள்வியையே மாற்ற வேண்டும்.

வெளிச்சத்தைக் கணக்கிலிருந்து கழிப்பது

சிங்கப்பூரின் வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடுகள்) புளோக்குகளின் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் பதித்த மேசைகளைப் பார்த்திருப்போம். அப்படியொரு பலகையைத் திரையில் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். கண் சிமிட்டும் நேரத்துக்குள் கறுப்புக் கட்டமெல்லாம் வெள்ளையாகவும் வெள்ளைக் கட்டமெல்லாம் கறுப்பாகவும் மாறுகின்றன. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பழையபடி. இதற்குக் கட்டம் புரட்டுதல் என்று பெயர் வைப்போம்.

இதில் கண்ணுக்குள் போகும் மொத்த வெளிச்சம் கூடியதா, குறைந்ததா? இரண்டும் இல்லை. பாதிக் கட்டங்கள் எவ்வளவு ஒளி கூடினவோ, மீதிப் பாதி அவ்வளவே குறைந்தன. இந்தச் சோதனையின் சாமர்த்தியமே இங்கேதான் இருக்கிறது. வெள்ளையாக மாறிய கட்டத்துக்குக் கீழே உள்ள செல்கள் ஒரு திசையில் பதில் தருகின்றன, கறுப்பாக மாறிய பக்கத்துக் கட்டத்தின் செல்கள் எதிர்த் திசையில். கண்ணின் மேற்பரப்பில் வைத்த மின்வாய்க்கு இரண்டும் சேர்ந்தே வந்து சேர்கின்றன. கூட்டலும் கழித்தலும் சமமாக இருந்தால் விடை பூஜ்ஜியம். வெளிச்சத்தை மட்டும் அளவெடுக்கும் அடுக்குகளின் பதில் இப்படி ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது.

ஆனால் பதிவில் பூஜ்ஜியம் வருவதில்லை. சிறிய, தெளிவான ஓர் அலை ஒவ்வொரு புரட்டலுக்கும் வருகிறது. 1964இல் லோரின் ரிக்ஸும் அவருடைய சகாக்களும் மாறி மாறி வரும் கோடுகளைக் காட்டி மனிதக் கண்ணில் இதைப் பதிவு செய்தார்கள். இதைத்தான் பேட்டர்ன் இஆர்ஜி என்கிறார்கள்.

பூஜ்ஜியம் வராததற்குக் காரணம்

ஒரு பதில் அழியாமல் எஞ்சுகிறது என்றால், ஒளி கூடினாலும் குறைந்தாலும் ஒரே திசையில் பதில் தரும் ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்று பொருள். கேங்லியன் செல்கள் அந்த வகை.

அவை தகவலை மின்துடிப்புகளாக அனுப்புகின்றன. சில செல்கள் ஒளி கூடும்போது துடிக்கின்றன, சில குறையும்போது. துடிப்பே இல்லாத நிலைக்குக் கீழே ஒரு செல்லால் போக முடியாது. எதிர்மறைத் துடிப்பு என்று ஒன்று கிடையாது. எனவே கட்டம் எந்தப் பக்கம் புரண்டாலும், ஏதோ ஒரு கூட்டம் துடிப்பைக் கூட்டுகிறது, மற்றக் கூட்டத்தால் அதே அளவுக்குக் குறைத்து ஈடுகட்ட முடிவதில்லை. கணக்கில் மிச்சம் விழுகிறது. அந்த மிச்சம்தான் நாம் பதிவு செய்யும் அலை.

இது எளிமைப்படுத்திய விளக்கம். அலையின் ஒரு பகுதி துடிப்பில்லாத மின்மாற்றங்களிலிருந்தும் வருகிறது. ஆனாலும் முக்கியப் பங்கு கேங்லியன் செல்களுடையது என்பதற்கு வலுவான சான்று உண்டு. 1981இல் இத்தாலியின் லம்பெர்ட்டோ மஃபெயும் அட்ரியானா ஃபியோரெண்டினியும் பூனைகளின் பார்வை நரம்பை வெட்டிவிட்டுத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். நரம்பு வெட்டுப்பட்டால் கேங்லியன் செல்கள் நாளடைவில் பின்னோக்கி அழியும். முன் அடுக்குகள் அப்படியே இருக்கும். ஒளிக்கான இஆர்ஜி மாறவில்லை. கட்டங்களுக்கான இஆர்ஜி சில மாதங்களில் மறைந்துபோனது. தொடக்கத்தில் சொன்ன இரண்டு அறிக்கைகளின் முரண்பாடு அந்த ஒரே பரிசோதனையில் அடங்கியிருக்கிறது.

அலையின் மூன்று முனைகள்

கட்டம் புரண்ட கணத்திலிருந்து எத்தனை மில்லிநொடியில் முனை வருகிறது என்பதை வைத்தே பெயர்கள் அமைந்திருக்கின்றன.

என்35: ஏறக்குறைய 35 மில்லிநொடியில் வரும் சிறிய இறக்கம்.

பி50: 50 மில்லிநொடியை ஒட்டி வரும் ஏற்றம். உயரம் சில மைக்ரோவோல்ட் மட்டும்.

என்95: 95 மில்லிநொடியை ஒட்டி வரும் அகலமான இறக்கம்.

இவற்றில் என்95 கேங்லியன் செல்களின் துடிப்போடு மிக நெருக்கமாகக் கட்டுப்பட்டது. பி50இல் கேங்லியன் செல்களுக்குப் பெரிய பங்கு இருந்தாலும், அது எழ வேண்டுமென்றால் மாக்குலாவின் முன் அடுக்குகள் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். மாக்குலா என்பது நாம் நேராகப் பார்க்கும் இடம் விழும் நடுப்பகுதி. படிப்பது, முகம் அறிவது எல்லாம் அதன் பொறுப்பு.

மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தும் விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. பி50 இயல்பாக இருந்து என்95 மட்டும் குறைந்தால் பார்வை நரம்பின் பக்கம் சந்தேகம் போகிறது. பி50 குறைந்து அதோடு என்95உம் சேர்ந்து குறைந்தால் மாக்குலாவின் பக்கம் போகிறது. பார்வை மங்கிவிட்டது, ஆனால் கண்ணுக்குள் பார்த்தால் குறை எதுவும் தெரியவில்லை என்ற நிலையில் இந்த வேறுபாடு பெரிய உதவி. விதிவிலக்கும் உண்டு: நரம்பு மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டால் பி50உம் குறையும், கொஞ்சம் முந்தியும் வரலாம்.

காட்டும் படத்தை மாற்றினால் அலையும் மாறும்

அறிக்கையில் உள்ள மைக்ரோவோல்ட் எண் கண்ணின் நலத்தை மட்டும் சொல்வதில்லை. என்ன காட்டினார்கள் என்பதையும் அது சேர்த்தே சொல்கிறது. இதைக் கவனிக்காமல் எண்ணை மட்டும் பார்ப்பதுதான் பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம்.

1. கட்டத்தின் அளவு

கட்டத்தை சென்டிமீட்டரில் சொல்வதில்லை, கண்ணில் அது விரிக்கும் கோணத்தில் சொல்கிறார்கள். கையை முழுதாக நீட்டிப் பிடித்தால் கட்டைவிரலின் அகலம் ஏறக்குறைய 2 டிகிரி. அனைத்துலக நெறிமுறை கேட்பது சுமார் 0.8 டிகிரி கட்டம், அதாவது விரல் அகலத்தில் பாதிக்கும் குறைவு. ஒரு மீட்டர் தள்ளி வைத்த திரையில் இது 14 மில்லிமீட்டர். கீழ்த்தள மேசையில் ஒரு கட்டம் 4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 3 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் அந்த அளவில் தெரியும். விழித்திரையில் விழும் பிம்பத்தில் அது கால் மில்லிமீட்டரை நெருங்கும். முழுத் திரையும் சுமார் 15 டிகிரி. அப்படியானால் ஒரு வரிசையில் 18, 19 கட்டங்கள் வரும்.

ஏன் இந்த அளவு? ஒவ்வொரு கேங்லியன் செல்லும் விழித்திரையின் ஒரு சிறு வட்டத்தைக் கவனிக்கிறது. ஸ்டீபன் குஃப்லர் 1953இல் பூனையில் காட்டியபடி, அந்த வட்டத்தின் நடுவும் ஓரமும் ஒன்றுக்கொன்று எதிராக இயங்குகின்றன. நடுவில் ஒளி விழுந்தால் தூண்டல், ஓரத்தில் விழுந்தால் தடை, அல்லது இதற்கு நேர்மாறு. எனவே செல்லுக்கு மிகவும் உவப்பானது ஒரே சீரான வெளிச்சம் அல்ல, வேறுபாடு: நடுவில் வெள்ளை, ஓரத்தில் கறுப்பு.

கட்டம் மிகச் சிறியதாக இருந்தால் நடுவுக்குள்ளேயே கறுப்பும் வெள்ளையும் விழுந்து சமன் ஆகிவிடும், போதாததற்குக் கண்ணின் ஒளியியலும் அதை மங்கலாக்கும். அலை சிறுக்கிறது. கட்டம் மிகப் பெரியதாக இருந்தால் நடுவும் ஓரமும் ஒரே நிறத்தில் மூழ்கிவிடும். அப்போது வேறுபாட்டுக்கான பதில் குறைந்து, வெளிச்சத்துக்கான பதில் கலக்கத் தொடங்கும். இடைப்பட்ட அளவில்தான் கேங்லியன் செல்களின் குரல் தெளிவாகக் கேட்கிறது.

ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் மிஹாயேல் பாக் குழுவினர் இந்த வேறுபாட்டையே அளவுகோலாக்கினார்கள். 0.8 டிகிரி கட்டத்துக்கு வரும் உயரத்தை 16 டிகிரிப் பெருங்கட்டத்துக்கு வரும் உயரத்தால் வகுப்பது அவர்கள் முறை. கண் அழுத்த நோயின் (குளுக்கோமா) தொடக்கத்தில் சிறு கட்டத்தின் பதில் முதலில் விழுகிறது, பெருங்கட்டத்தின் பதில் தாக்குப்பிடிக்கிறது. ஒரே கண்ணின் இரண்டு எண்களை வகுப்பதால், மின்வாய் சற்று நகர்ந்து அமர்ந்தது போன்ற பிழைகள் பெரும்பாலும் கழிந்துபோகின்றன. வெறும் உயரத்தைவிட இந்த விகிதத்தையே நான் நம்புவேன்.

2. வேறுபாட்டின் அளவு

வெள்ளையின் ஒளியிலிருந்து கறுப்பின் ஒளியைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது கான்ட்ராஸ்ட். வெள்ளை 100, கறுப்பு 10 என்றால் 90ஐ 110ஆல் வகுக்க, 82 விழுக்காடு. சோதனையில் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும். கான்ட்ராஸ்ட் குறையக் குறைய அலையின் உயரமும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் குறைகிறது. மூளையின் பின்பகுதியில் பதிவாகும் துலங்கல் இப்படி நடப்பதில்லை. அது குறைந்த கான்ட்ராஸ்ட்டிலேயே உச்சத்தை நெருங்கிவிடும். கண்புரை இருப்பவருக்குப் பிம்பத்தின் கான்ட்ராஸ்ட் கண்ணுக்குள்ளேயே குறைகிறது. அவருடைய அலை சிறுத்திருந்தால் நரம்பைக் குறை சொல்லும் முன் புரையைப் பார்க்க வேண்டும்.

3. புரளும் வேகம்

நொடிக்கு 4 தடவை புரட்டினால் ஒவ்வொன்றுக்கும் 250 மில்லிநொடி கிடைக்கிறது. மூன்று முனைகளும் முழுதாக வந்து அடங்க அது போதும். நொடிக்கு 15, 16 தடவை புரட்டினால் இடைவெளி 60 மில்லிநொடியை ஒட்டிப் போய்விடும். முந்திய அலை அடங்கும் முன் அடுத்தது வந்துவிடுவதால் முனைகள் தனித்தனியாகத் தெரியாது, சீரான ஏற்ற இறக்கமாகவே தெரியும். அப்போது பி50, என்95 என்று பேச முடியாது. அந்த வேகத்தில் எவ்வளவு அலைவு இருக்கிறது என்று கணக்கிட்டு ஒரே எண்ணாகச் சொல்வார்கள். கண் அழுத்த நோய்க்கு இந்த வேகமான முறை அதிகம் பயன்படுகிறது. வெளிச்சத் துடிப்பால் வலிப்பு வரக்கூடியவர்கள் சோதனைக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

4. திரை

பழைய படக்குழாய்த் திரைகள் போய் எல்சிடி வந்தபோது எதிர்பாராத சிக்கல் ஒன்று முளைத்தது. பல எல்சிடி திரைகளில் வெள்ளை கறுப்பாவதற்கும் கறுப்பு வெள்ளையாவதற்கும் ஆகும் நேரம் ஒன்றல்ல. புரளும் கணத்தில் மொத்த வெளிச்சம் ஒரு நொடிப்பொழுது குறைந்தோ கூடியோ விடுகிறது. வெளிச்சத்தைக் கழிப்பதுதான் இந்தச் சோதனையின் உயிர்; அது அங்கேயே அடிபட்டுப்போகிறது. எனவே எந்தத் திரை, எப்படிச் சரிபார்க்கப்பட்டது என்பதும் முக்கியம்.

5. தெளிவு

இது சிங்கப்பூரில் தனியாகப் பேச வேண்டிய விஷயம். இங்கே இளையோரில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை. மைனஸ் 6 பவர் உள்ளவருக்குக் கண்ணாடி இல்லாமல் தெளிவாகத் தெரியும் தூரம் 17 சென்டிமீட்டர்கூட இல்லை. அவரை ஒரு மீட்டர் தள்ளியுள்ள கட்டங்களைப் பார்க்கச் சொன்னால் சாம்பல் நிறப் படலம்தான் தெரியும். அலை சிறுத்துவிடும், நோய் எதுவும் இல்லாமலே.

ஆகவே திரை இருக்கும் தூரத்துக்குப் பொருத்தமான கண்ணாடி போட்டபடியே சோதனை நடக்க வேண்டும். பாவையை விரிக்கும் சொட்டு மருந்து போடக் கூடாது, அது குவிக்கும் திறனை முடக்கிவிடும். ஒளிக்கான இஆர்ஜி இதற்கு நேர்மாறு. அதற்குப் பாவையை விரித்தே ஆக வேண்டும். இரண்டும் ஒரே நாளில் என்றால் கட்டச் சோதனை முதலில்.

கண்ணாடி போட்டும் தீராத ஒன்று இருக்கிறது. கடுமையான கிட்டப்பார்வையில் கண் நீளமாக வளர்ந்து விழித்திரை இழுபட்டிருக்கும். அப்படிப்பட்ட கண்ணில் அலை இயல்பாகவே சற்றுச் சிறியது. நரம்பு அடுக்கின் தடிமனை அளக்கும் ஓசிடி ஸ்கேனிலும் இதே கண்கள் அடிக்கடி சிவப்பில் வந்து பயமுறுத்தும். இரண்டு சோதனையும் ஒரே காரணத்தால் தவறாகக் குறை காட்டலாம் என்பதால், ஒன்றை வைத்து மற்றொன்றை உறுதி செய்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

ஒரு மைக்ரோவோல்ட்டைப் பிடிப்பது எப்படி

நாம் தேடும் அலை சில மைக்ரோவோல்ட். ஒரு தடவை கண் சிமிட்டினால் வரும் மின்மாற்றம் அதைப்போல் பல மடங்கு. சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் வந்து கலக்கும். இதற்குள் அலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

முடியைவிட மெல்லிய, வெள்ளி பூசிய நைலான் இழையைக் கீழ் இமையோரம் படுக்க வைக்கிறார்கள். கருவிழியை மறைக்காததால் பிம்பம் கெடுவதில்லை. பிறகு நூறு புரட்டலுக்கும் மேல் பதிவு செய்து, சிமிட்டல் கலந்தவற்றை நீக்கிவிட்டு, மீதியின் சராசரியை எடுக்கிறார்கள். கட்டத்துக்கான பதில் ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் வருவதால் சராசரியில் நிலைக்கிறது. இரைச்சல் தாறுமாறாக வருவதால் கரைகிறது. நூறு பதிவின் சராசரியில் அது பத்தில் ஒரு பங்காகும். நோயாளி செய்ய வேண்டியது திரையின் நடுப்புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பது. சிமிட்டலை அடக்கிக்கொண்டு கஷ்டப்பட வேண்டாம், இடையில் நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம்.

கண் அழுத்த நோயில் இதன் இடம்

கண் அழுத்த நோயில் அழிவது கேங்லியன் செல்கள். வலி இருக்காது, தொடக்கத்தில் பார்வைக்குறையும் தெரியாது. 2007 முதல் 2009 வரை நடந்த சிங்கப்பூர் இந்தியர் கண் ஆய்வில் 40 வயதைத் தாண்டிய 3,400 பேர் சோதிக்கப்பட்டார்கள். அதில் இந்த நோய் கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதுவரை தங்களுக்கு அது இருப்பதை அறிந்திருக்கவில்லை.

கட்டச் சோதனை நம்பிக்கை தரும் இடம் இது. சாவதற்கு முன் செல்கள் நோயுற்றுச் சோர்ந்திருக்கும் காலம் ஒன்று உண்டு. ஸ்கேன் தடிமனைப் பார்க்கிறது. சோர்ந்த செல்லும் தடிமனில் சேர்த்திதான். மின்துலங்கல் வேலையைப் பார்க்கிறது. கண் அழுத்தத்தைக் குறைத்த பிறகு சிலருக்கு அலை மீண்டும் உயர்ந்ததாக ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. செத்த செல்கள் மீளாது என்பதால், அந்தச் செல்கள் உயிரோடுதான் இருந்தன என்பதற்கு இது அடையாளம்.

வரம்பையும் சொல்லியாக வேண்டும். கண் அழுத்தம் கூடியவர்களை ஃப்ரைபர்க் குழு பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், பார்வைப் புலத்தில் (கண்ணை அசைக்காமல் பார்க்க முடிகிற பரப்பில்) குறை தெரிவதற்கு 4 ஆண்டுகளுக்கு முன்பே சோதனை எச்சரித்தது. ஆனால் சரியாகச் சொன்னது ஏறக்குறைய நான்கு பேரில் மூவருக்குத்தான். ஊரில் எல்லாரையும் வரிசையில் நிறுத்திச் சோதிக்க இது ஏற்றதல்ல. ஏற்கெனவே சந்தேகம் உள்ளவரைக் கூர்ந்து கவனிக்கவே இது உகந்தது.

அறிக்கை கையில் கிடைத்ததும்

எண்ணைப் பார்க்கும் முன் கேட்க வேண்டியவை: காட்டியது ஒளியா, கட்டமா? கட்டம் என்றால் எத்தனை டிகிரி, நொடிக்கு எத்தனை புரட்டல்? கண்ணாடி போட்டிருந்தீர்களா? புரை இருக்கிறதா? இயல்பு என்று எந்த வயதினரின் அளவோடு ஒப்பிட்டார்கள்? வயது கூடக் கூட அலை தானாகவே கொஞ்சம் சிறுக்கும்.

நம்மில் பலர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அங்கே ஒரு தடவை, இங்கே ஒரு தடவை என்று கண்ணைக் காட்டுகிறோம். சென்னையில் எடுத்ததில் 5 மைக்ரோவோல்ட், சிங்கப்பூரில் எடுத்ததில் 3 என்றால் கண் மோசமாகிவிட்டது என்று பொருளாகாது. மின்வாய் வேறாக இருக்கலாம், கட்டம் வேறாக இருக்கலாம், திரையின் ஒளி வேறாக இருக்கலாம். மாற்றத்தை அறிய வேண்டுமென்றால் அதே இடத்தில், அதே கருவியில், அதே கண்ணாடியோடு மறுபடியும் எடுக்கச் சொல்லுங்கள். பழைய அறிக்கையை எடுத்துப் போகும்போது எண்கள் உள்ள பக்கத்தோடு அலை வரைந்திருக்கும் பக்கத்தையும் சேர்த்து எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் பார்க்க விரும்புவது அதைத்தான்.